பர்வீன் மாஸ்டருக்காக நான் சொல்லப்போகும் சாட்சி

சனிக்கிழமை காலை பட்டாபிராமில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். பர்வீன் மாஸ்டரின் தம்பி. "அண்ணே, அக்கா மௌத்தாயிடுச்சி," என்றான். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் சாவோடு மல்லுக்கட்டியவர். நான் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தேன்; இருபது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கோவில்பதாகையில் அவரிடம் ஆடக் கற்ற பிள்ளைகளே, பெற்றவர்களே, எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்.

வண்டி ஓட்டிக்கொண்டே போன் பார்க்கும் இளவட்டங்களுக்காகப் போன வருடம் மாஸ்டர் ஐந்து நிமிட நடனப் படம் ஒன்று எடுத்தார். பிள்ளைகள் பைக்காகவும் சிக்னலாகவும் ஆடினார்கள். மோதும் லாரி நான்தான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பாதி ஆவடியே என்னைப் பார்க்கத் திரண்டது. கூலிங் கிளாஸ் போட்டு, துண்டைச் சுழற்றி, பத்து ஸ்டெப் கூடுதலாகப் போட்டேன். மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, லாரிக்கு இன்னா குத்தாட்டம்? நேரா வா, நில்லு. மத்தத பைக்கா ஆடற பையன் மூஞ்சி சொல்லும்."

"என் ரசிகருங்க ஏமாந்துடுவாங்க மாஸ்டர்."

"அவங்கள நான் சமாளிச்சுக்கிறேன். துண்ட கீழ போடு."

முப்பது முறை எடுத்தும் படத்தில் நான் ஏழு நொடிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் போட்டபோது அந்த ஏழு நொடியில் ஒரு பிள்ளைகூட இருமவில்லை.

வகுப்புக்குள் நுழையும் எல்லாப் போனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போக வேண்டும். முறைக்கிற பிள்ளையிடம் சொல்லுவார்: "ஆடறப்போ ஆடு, ஓட்டறப்போ ஓட்டு. அதோட போனையும் சேத்துப் பாத்தா, சம்பந்தமே இல்லாத ஒருத்தன் சாவான்."

சம்பந்தமே இல்லாமல் செத்தது அவரே. புதன் மதியம் அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் என் வண்டியில் வந்தேன். எதிரே வந்த வெள்ளைக் கார் கோட்டைத் தாண்டி அவரை அடித்தது. அந்த அம்மாதான் குறுக்கே வந்தது என்று காரை ஓட்டியவன் இப்போது சொல்கிறான். அவன் கை விளங்காமல் போகட்டும் என்று நான் சபிக்கவில்லை. அந்தக் கை லைசென்ஸ் இழந்து, ஆயுசுக்கும் பஸ் கம்பியில் தொங்க வேண்டும். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். அன்று மாலை ஸ்டேஷனில் ஆத்திரத்தில் சொன்னேன்: "நூத்தியம்பது ஸ்பீடு சார். ரெண்டு கையிலயும் போனு. வாயில சிகரெட்டு."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஸ்டியரிங்க எதால புடிச்சான்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். காரை ஓட்டியவனுக்காக வந்திருந்த அவனுடைய சித்தப்பாவும் சிரித்தார். அவன் தப்பிக்கக் கதவைத் திறந்துவிட்டது என் நாக்குதான்.

மாஸ்டரை அடக்கம் செய்த மறுநாள் மீண்டும் போனேன். "இடது கையில ஒரு போனு. கண்ணு அதுல. மாஸ்டர் ஓரமாதான் போனாங்க. அவன் பிரேக் அடிக்கல." ஏட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே சித்தப்பா நின்றிருந்தார். "நீ ஊருக்கே அளந்து உடற ஆளாமே, நைனா. கோர்ட்ல எவன் நம்புவான்?"

"அளந்தேன். இதுல அளக்கல."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கூட்டாமல் சொல்லும் பழக்கம். நாற்பத்தெட்டு வயதில் வந்திருக்கிறது, பரவாயில்லை. அவன் வக்கீல் எத்தனை நாள் குடைந்தாலும் அந்த நாலு வாக்கியம்தான். அவன் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்.