யாரும் வாசிக்காத குழாய்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஹம்பேர்க் ஆபீஸில் இருந்தது நானும் கூட வேலை செய்யும் தர்ஷினியும். இல்லாதவர் யோனாஸ். லீவில் மலையேறப் போயிருந்தார். லீவில் இருக்கும் ஜெர்மன்காரரை யார் போனில் கூப்பிடுவது?

எங்களுடையது சின்ன கம்பெனி. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் தயார் செய்து அனுப்புகிறோம். வேலையைச் செய்வது யோனாஸ் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம்.

அன்று யோகன் அண்ணையின் கண்டெய்னர். ஸ்டேஷன் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர். உறைய வைத்த பலாக்காய், முருங்கைக்காய், தேங்காய்த்துருவல்... மறுநாள் பீலெஃபெல்ட் நகரில் ஒரு கல்யாணச் சமையலுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குள் பத்திரம் போகாவிட்டால் பெட்டி திங்கள்வரை துறைமுகத்திலேயே நிற்கும்.

"தம்பி, என்ன மாதிரி?" என்று போனில் கேட்டார்.

"ஓடிட்டு இருக்குண்ணே."

"காலமையில இருந்து ஓடுது. எங்க போய்ச் சேருமாம்?"

திரையில் ஒரு எரர்கூட இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தப்பு என்றால் அடித்தாவது சொல்வார்கள் என்பதுதான் அங்கே கற்றது. சத்தமே இல்லாமல் ஒன்று நின்றுபோகுமா?

நின்றிருந்தது. பன்னிரண்டு தாண்டியபின் தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். யோனாஸின் ஸ்கிரிப்ட், சரக்குப் பட்டியலைப் படிக்க இன்னொரு புரோகிராமை ஓட விடுகிறது. இரண்டுக்கும் நடுவே தகவல் போகக் குழாய்போல இரண்டு பைப் — ஒன்றில் விடை வரும், மற்றதில் எரர் என்னும் குறை வரும். ஸ்கிரிப்ட் விடைக் குழாயை மட்டும் வாசிக்கிறது. ஏற்றுமதியாளர் தேதி எழுதும் முறையை மாற்றிவிட்டாராம். 'தேதி புரியவில்லை' என்று வரிக்கு வரி குறை. சின்னப் பட்டியல் என்றால் குழாய் தாங்கும். இது பெரியது. குழாய் நிரம்பிவிட்டது. குழாயில் இடம் கிடைக்கட்டும் என்று அந்தப் புரோகிராம் நிற்கிறது. விடை வரட்டும் என்று ஸ்கிரிப்ட் நிற்கிறது.

"ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குதுகள், அண்ணா. திங்கள் வரைக்கும் நிக்குங்கள்."

காலையெல்லாம் 'ஓடுது, ஓடுது' என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறேனே...

குறைக் குழாயையும் சேர்த்து வாசிக்கும்படி தர்ஷினி இரண்டு வரி மாற்றினாள். தட்டியதும் முடிந்தது. சுங்கத்துக்குத்தான் நேரம் முடிந்திருந்தது.

"இதை யோனாஸ் கவனிச்சிருக்கணும்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் போன மாசமே மீட்டிங்கில சொன்னனான், அந்தப் பைப்பை ஒருத்தரும் வாசிக்கேல்லையெண்டு. 'ஓடுதுதானே' எண்டார் அவர். நீங்களும் பக்கத்திலதான் இருந்தனீங்கள்."

இருந்தேன். காதில் விழுந்ததாக நினைவே இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குறை சொல்பவர் ஓய்ந்துவிட்டால் குறை தீர்ந்துவிட்டது என்று நாம் எப்படித்தான் நம்பிவிடுகிறோம்?

துறைமுக வாடகை, பெட்டியைக் குளிரூட்டும் கரண்ட், கல்யாணத்துக்கு வேறு கடையில் சில்லறை விலைக்கு வாங்கிக் கொடுத்த முருங்கைக்காய் எல்லாம் சேர்த்து எங்கள் கம்பெனி கட்டியது 2,180 யூரோ.