மயங்கிக் கிடந்தவன் வாயைத் திறந்தது குற்றமா?

இன்று வடுகபட்டியில் பள்ளிகளுக்கிடையே முதலுதவிப் போட்டி. என் அக்கா மகள் யாழினிதான் அவள் பள்ளி முதலுதவி மன்றத்தின் தலைவி.

தூக்கிக் காட்ட ஒரு கனமான நோயாளி வேண்டுமாம். இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் யார்?

"மாமா, நீங்க மயங்கிக் கெடக்கணும். வாயவே தெறக்கக் கூடாது. கப்பு போச்சு, அப்புறம் ஒங்களச் சும்மா விடமாட்டேன்."

"போ ஆத்தா, நான் படுத்தா எமனே நம்பி வந்துருவான்" என்றேன்.

தலையிலும் காலிலும் கட்டு. மூங்கிலில் கட்டிய சேலையில் வைத்துப் பிள்ளைகள் என்னைத் தூக்கியபோது மைதானத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

நடுவராக வந்த நர்ஸம்மா, "இவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"தென்ன மரத்துல இருந்து விழுந்துட்டாக, மேடம்" என்றாள் யாழினி.

நானா? கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஏறாத தென்னை உண்டா? மானம் பெரிதா, கப்பு பெரிதா?

கண்ணைத் திறக்காமலே சொன்னேன்: "விழுந்தது மரம் மேடம். நான் அதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்."

நர்ஸம்மா சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. கப்பு போடி ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

"அடுத்த வருசம் மொதக் கட்டு ஒங்க வாய்க்குத்தான் மாமா" என்றாள் யாழினி. அதோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

மயக்கத்திலேயே பேசியவன் நான். நன்றாக முழித்திருக்கிற பிள்ளை பேச மாட்டேன் என்கிறது. நியாயம் யார் பக்கம், நீங்களே சொல்லுங்கள்.