முனையில் இரண்டு ஹாரன்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தி.நகரில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஓரங்கட்டினார். லைசென்ஸ் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகம் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"எதுக்குய்யா ரெண்டு தடவை ஹாரன் அடிச்ச?"

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாய்தான் வரவில்லை. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா... நேரில் பேச வராததால்தானே வாராவாரம் இந்தப் பத்தியில் வந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் நான் பஸ்ஸில் போய்வந்தவன். லஸ்ஸில் இறங்க வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வாய் வராது. மந்தைவெளி போய் இறங்கித் திரும்பி நடப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை — பல வருஷம். ரேஷன் கடையில் யாராவது வரிசையில் நுழைந்தால் நகர்ந்து இடம் கொடுப்பேன். கல்யாண வீட்டில் பாயசம் என்னைத் தாண்டிப் போனால் போனதுதான்.

அப்படிப்பட்டவன் வாங்கிய வண்டி எது? புல்லட்.

புது வண்டிதான். ஷோரூமிலிருந்து நேராக வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிலிட்டரி ஏலத்துல எடுத்தீங்களா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வண்டியின் உருவம் அந்த மாதிரி. உருண்டை ஹெட்லைட், கறுப்பு டேங்க், அதில் கையால் இழுத்த தங்கக் கோடு. ஒரே ஒரு சிலிண்டர். அதிலிருந்து வரும் டப்... டப்... டப்... சத்தம், நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் குக்கரை இறக்கச் சொல்லிவிடும்.

"வாயத் தொறக்காத மனுஷனுக்கு இவ்வளவு சத்தமா ஒரு வண்டி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லவில்லை.

மைத்துனன் வைத்திருப்பது ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த வண்டி. "மாமா, என் வண்டி பெட்ரோல மோந்து பாத்தாலே ஓடும். உங்க வண்டி பங்க்கைப் பாத்தாலே நின்னுடும். யாராவது கேட்டா குடுத்துடுங்க." ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைச் சொல்வான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் துணியை எடுத்துக்கொண்டு போய் டேங்க்கைத் துடைப்பேன். அதுதான் என் பதில்.

சரி, ஹாரன் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு வேலை கோடம்பாக்கத்தில், வீடு மயிலாப்பூரில். நடுவில் தி.நகரின் ஒரு கடைத்தெரு வழியாகப் போவேன். தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே பிழைப்பவர்களுக்குத் தொல்லை. இரண்டு பக்கமும் பிளாட்பாரத்தில் பெல்ட், கர்ச்சீப், வளையல், சீப்பு என்று விரித்து வைத்திருப்பார்கள்.

வண்டி வாங்கிய புதிதில் ஓர் அதிசயத்தைக் கவனித்தேன். நான் தெருவுக்குள் நுழைந்தால் பிளாட்பாரம் காலியாகிவிடும். விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக்கி, சந்துக்குள் ஓடுவார்கள். எனக்கு முன்னால் தெரு அப்படியே திறந்துகொண்டு போகும். பஸ்ஸில் யாரும் வழி விடாத எனக்கு அது... உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது நாள் ஒரு பெண்மணி சந்திலிருந்து வெளியே வந்து என் ஹேண்டில்பாரைப் பிடித்தார். கண்ணாடி வளையல் விற்கும் மல்லிகா.

"நீ இன்னா போலீசா?"

"இல்லைங்க."

"மஃப்டியா?"

"இல்லைங்க."

"அப்ப இன்னாத்துக்குய்யா இந்த வண்டில வர? ரோந்து வர்ற எஸ்.ஐ. வண்டி மாதிரியே சத்தம் கீது. அவருன்னு நெனச்சி கட்டினு ஓடறோம். இத்த பாரு."

மூட்டையைப் பிரித்தார். உள்ளே பாதி வளையல் தூள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிச் சில்லுகள். அவசரத்தில் அள்ளியதால் அவர் விரலிலும் கீறல். ஒரு சத்தம், அவ்வளவுதான்... அதற்கே இத்தனை சேதம்.

மறுநாள் முதல் என்ன செய்தேன் தெரியுமா? தெருமுனையில் இறங்கி இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்தது அதுதானே — இறங்கிவிடுவது, ஒதுங்கிவிடுவது. எருமை கனம் கனக்கிற வண்டி. சட்டை நனைந்துவிடும்.

"இன்னா நைனா, பெட்ரோல் இல்லியா?" என்றார் பெல்ட் விற்பவர் முதல் நாள். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள், "டெய்லி இல்லியா?" என்றார். தெருவே சிரித்தது.

மல்லிகாதான் அதற்கு ஒரு முடிவு கட்டினார்.

"இன்னா சார், சாமி ஊர்வலமா? ஏறி ஓட்டு. முனையில திரும்பறப்ப ரெண்டு வாட்டி ஹாரன் குடு. நீதான்னு தெரிஞ்சிக்கிறோம்."

"அந்த எஸ்.ஐ.யும் ஹாரன் அடிச்சா?"

"அவரு ஏன் அடிக்கிறாரு? சொல்லாம வர்றதுதான அவரு வேலையே."

அன்றிலிருந்து முனையில் இரண்டு ஹாரன். பாம், பாம். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு வளையல்கூட நகராது. பெல்ட்காரர் ஒரு பெல்ட்டைத் தூக்கி ஆட்டுவார். நான் தலையை ஆட்டுவேன். இந்த ஊரில் எனக்கென்று ஒரு தெரு கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த ஹாரனைத்தான் போன செவ்வாய்க்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் விசாரித்தார். முனையில், மெயின் ரோட்டுப் பக்கத்து டீக்கடை ஓரம் மரத்தடியில் தன் புல்லட்டை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அவர் வண்டி தெருவுக்குள் திரும்பினால்தான் ஓட்டம்; அங்கே டீ குடிக்க நிற்கும்வரை யாரும் அள்ளுவதில்லை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ரோந்து வருபவர் அவர்தான். அவர் வண்டியும் கறுப்பு, என் வண்டியும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரட்டைப் பிள்ளைகள்.

"டெய்லி பாக்குறேன். ரெண்டு ஹாரன் அடிக்கிற. சிக்னல் குடுக்கிறியா அவங்களுக்கு? போலீஸ் வருதுன்னு?"

தெரு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லிகாவின் கை விரிப்பின் மூலையில் இருந்தது. அள்ளுவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல சார்."

"பின்ன?"

"போலீஸ் வருதுன்னு சொல்லல சார். போலீஸ் இல்லைன்னு சொல்றேன்."

அவருக்குப் புரியவில்லை. இந்த இடத்தில் வழக்கமாக நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஏனோ அன்றைக்கு வரவில்லை.

"உங்க வண்டியும் என் வண்டியும் ஒரே சத்தம் சார். நான் வந்தா நீங்கன்னு நெனச்சு ஓடுறாங்க. ஓடுனா வளையல் ஒடையுது. அதான், நான் நீங்க இல்லைன்னு சொல்றேன்."

பெல்ட்காரர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல். சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இந்த வயசுல எதுக்குய்யா புல்லட்டு? வித்துட்டு ஒரு மொபெட் வாங்கு. பிரச்சினை தீர்ந்துது."

என் மனைவி சொல்கிறாள், மைத்துனன் சொல்கிறான், இப்போது அரசாங்கமும் சொல்கிறது.

"விக்க மாட்டேன் சார்."

"அப்ப வேற ரோட்ல போ."

"இதான் சார் என் ரோடு."

"போ, போ. இனிமே இங்க ஹாரன் அடிச்சே..." என்று விரலை ஆட்டினார்.

வீரமாகக் கிளம்பியிருந்தால் கதை நன்றாக இருக்கும். புல்லட்டில் அது நடக்காது. கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சின்ன முள் நடுவில் வந்து நிற்க வேண்டும். கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். நான் அவசரப்பட்டேன். அடித்தது. முழங்காலுக்குக் கீழே உயிர் போனது. தெரு முழுக்க "ஸ்ஸ்" என்றது.

"மெதுவா, மெதுவா. முள்ளப் பாத்து மிதி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவரும் அடி வாங்கியிருப்பார் போல.

முள்ளைப் பார்த்தேன். மிதித்தேன். டப்... டப்... டப்...

அந்தச் சத்தம் கேட்டதும் கீழ்க்கோடியில், எங்களைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தவர்கள் எழுந்து அள்ளத் தொடங்கினார்கள். சீப்பு, கர்ச்சீப், எல்லாம். அவர்களுக்கு என்ன தெரியும்? சத்தம்தான் தெரியும். அப்படியே போனால் அந்தக் கோடி முழுக்க ஓடும். இறங்கித் தள்ளலாம். இந்தக் காலோடா? காலை விடுங்கள் — தள்ளியது போதும்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு நேர் முன்னால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பாம், பாம் என்று அடித்தேன்.

கோடியில் இருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். மல்லிகா விரிப்பின் மூலையிலிருந்து கையை எடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் கோடியைத் திரும்பிப் பார்த்தார். நான் கியரைப் போட்டேன்.

காலில் இன்னும் வீக்கம் வடியவில்லை. "இப்பவாவது வித்துடுங்க" என்று தைலம் தேய்த்துவிட்டபடியே மனைவி சொன்னாள். இந்த முறை துணியைத் தேடவில்லை. "மாட்டேன்" என்று வாயைத் திறந்தே சொன்னேன். தேய்த்த கை நின்றது.

யோசித்துப் பார்க்கிறேன். அவரும் நானும் ஒரே வண்டியில்தான் அந்தத் தெருவுக்குள் போகிறோம். அவர் போனால் வெறும் பிளாட்பாரத்தைப் பார்க்கிறார். நான் போனால் கடைத்தெருவைப் பார்க்கிறேன். அந்த வளையல்கள் சாயங்கால வெயிலில் எப்படி இருக்கும் என்பது, பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது.

நேற்றும் அந்த வழியாகத்தான் வந்தேன். மரத்தடியில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பாம், பாம்.