எங்கள் அரளி பூத்த நாள்

மே மாதம் வந்தால் ஏற்காட்டில் மலர்க் காட்சி நடக்கும். சேலத்துக்காரர்களில் பாதிப் பேர் மலை ஏறிவிடுவார்கள். கல்யாணமாகிப் பனமரத்துப்பட்டிப் பக்கம் வந்த இத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. கேட்டால் என் வீட்டுக்காரரிடமிருந்து வரும் பதில் மாறவே மாறாது.

"தெனமும் பூவுலயேதான் கெடக்கற. இன்னும் என்ன பூவு பாக்கோணும் உனக்கு?"

அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். எங்களுக்கு அரை ஏக்கரில் அரளி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அரளியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் பூ மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். விடிவதற்குள் இறங்கி, வெயில் ஏறுமுன் ஒரு மொட்டு விடாமல் உருவிவிடுவோம். பொங்கலோ காய்ச்சலோ, எதற்கும் விடுமுறை கிடையாது. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் அன்றைக்குச் செடியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஓர் அரளித் தோட்டம் பூத்துச் சிவந்து கிடந்தால், வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு யார் தவறியது என்று விசாரிப்பார்கள். ஆக, பூ விவசாயியின் மனைவியாகிய நான் எங்கள் தோட்டம் பூத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன வருடம் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நாளைக்கு நான் ஏற்காடு போயிட்டு வாரேனுங்க. ஒரு நாளைக்கு நீங்க பறிச்சுக்குங்க."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போறதுன்னா போ. நான் செடியத் தொட மாட்டேன். பூத்துக் கெடக்கட்டும். வந்து கேக்கறவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்க."

அது மிரட்டல். தோட்டம் பூத்துவிடும் என்று சொன்னால் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அடங்கிவிடுவாள். ஆனால் அவர் வருடா வருடம் பழனிக்கு நடந்து போய் வரும் நாட்களில் ஒற்றை ஆளாக நின்று பறித்தவள் நான். சாமி கும்பிடப் போகலாம், பூப் பார்க்கப் போகக் கூடாதா? மறுநாள் காலையில் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வரப்பில் நடந்தபோது இரண்டு பக்கமும் மொட்டுகள் நீட்டிக்கொண்டு நின்றன. கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

சேலத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேர்ந்தேன். பூவாலேயே செய்த யானை ஒன்று வாசலில் நின்றது. எல்லோரும் அதன் முன்னால் போட்டோ எடுத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பறித்துக் கம்பியில் செருகிய பூ. அதைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே. உள்ளே தொட்டிகளில் டேலியா வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. செடியிலேயே விரிந்து, செடியிலேயே நின்றது. யாரும் பறிக்கப் போவதில்லை. ஒன்றின் பக்கத்தில் ஒரு மொட்டு இருந்தது. என் விரல் தானாக அதன் காம்புக்குப் போய்விட்டது.

"தொடாதீங்கம்மா," என்றார் காவலாளி.

"பழக்கதோசமுங்க," என்று சொல்லிவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியே மதியம் வரைக்கும் சுற்றினேன். பூவின் முன்னால் கை சும்மா இருந்தது அன்றைக்குத்தான். சந்தோசமாக இருந்தது. இத்தனை வருடம் இதைத் தர மறுத்தாரே என்று அவர் மேல் கோபமும் வந்தது.

சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தூரத்திலேயே எங்கள் தோட்டம் சிவப்பாகத் தெரிந்தது. வீட்டு முன்னால் கூட்டம். ஆண்கள் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெண்டாட்டி பூப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கிறார். தோட்டம் பூத்துக் கிடக்கிறது, வீட்டில் என்னைக் காணோம். ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா என்னைப் பார்த்ததும் அலறி எழுந்தாள். ஓடி வந்து என் தோளையும் கன்னத்தையும் தடவிப் பார்த்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. எனக்காக அழுத முகம். நான் எங்கே போனேன் என்று சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூப் பாக்கவா? உசுரோட இருக்கறவ எவளாச்சும் பூவப் பறிக்காம உட்டுப்போட்டுப் போவாளா?"

கூட்டம் மொத்தமும் என் வாயைப் பார்த்தது.

"உசுரோட இருக்கறதாலதானுங்க அக்கா போனேன்," என்றேன். "அடுத்த வருசமும் போவேன்."