வோட்டு ஒரு கரை, வீடு ஒரு கரை

பச்சைக் கோட்டுக்காரியைத் தூரத்தில் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர் அது. திருட்டுப் பயம் ஒன்றுமில்லை. மாதம் பிறந்தால் வீடு வீடாக ஏறி இறங்கி, பிளாஸ்டிக் குப்பையை வாங்கிக்கொண்டு, அதற்குப் பஞ்சாயத்து வைத்திருக்கும் கட்டணத்தையும் விடாமல் கேட்டு வாங்குகிற ஹரித கர்ம சேனைக்காரிக்குப் பயந்துதான் சாத்துவார்கள். ஈட்டிமூடு வார்டில் அந்தக் கோட்டுக்குள் இருப்பவள் இசக்கிசெல்வி. கதவைச் சாத்தினால் போய்விடுவாள் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஜன்னல் பக்கம் வந்து நின்று, வீட்டில் ஆளில்லாமல் ஃபேன் மட்டும் யாருக்காகச் சுற்றுகிறது என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்பாள். தெருவே கேட்கும். கதவு திறந்துவிடும்.

கேரளத்து மலைப்பக்கம், கல்லாறிலிருந்து பஸ்ஸில் சற்று நேரம் கீழே இறங்கினால் ஈட்டிமூடு ஜங்ஷன். நாலு கடை, ஒரு சர்ச், ஒரு டீக்கடை. ரோட்டை விட்டு இறங்கி, குறுக்கே ஓடும் தோடு என்கிற ஓடையைத் தாண்டினால் பாறையடிக் காலனி. பொன்முடிப் பக்கம் மழை பெய்தால் இந்தத் தோட்டுக்குத் தலைகால் புரியாது. ஒரு காலத்தில் பாறை உடைக்க வந்து, பிறகு கொத்து வேலை, ஓட்டல் வேலை என்று பிரிந்துபோன வள்ளியூர், பணகுடிப் பக்கத்து ஆட்கள்தான் காலனி முழுக்க. மலையாளம் பேசச் சொன்னால் வெளுத்து வாங்குவார்கள். படிக்கச் சொன்னால் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள்.

அதனால் பஞ்சாயத்து அனுப்பும் செய்திகளையெல்லாம் தமிழில் பேசிக் காலனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வேலையும் இசக்கிசெல்வி தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பஞ்சாயத்துச் செய்தியில் ஒரு வரி இருந்தால் அவள் பேச்சில் அது ஒன்பது வரியாகும். "நாளைக்குக் குழாயில தண்ணி வராது. வந்தாலும் கலங்கித்தான் வரும். கலங்கலா வருதேன்னு எனக்குப் போன் பண்ணாதீங்க, நான் ஒண்ணும் உள்ள எறங்கிக் கலக்கல." எலிக்காய்ச்சல் மாத்திரை, நாய்க்கு ஊசி, எரியாத தெருவிளக்கு, பொத்தல் விழுந்த ரோடு, எல்லாம் அவள் குரலில்தான் காலனிக்குள் வரும். தெருவிளக்கு எப்போது எரியும் என்று கேட்டவனுக்கு, உன் அடுத்த கல்யாணத்துக்குள் எரியும் என்று பதில் போட்டவள் அவள். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது.

ஆனால் அவளுக்கே வேண்டிய ஒரு செய்தி மட்டும் வரவே இல்லை. பாலம்.

அவள் புருஷன் பேச்சிமுத்து கொத்தனார். திருவனந்தபுரத்துக்கு வெளியே ஏதோ ஒரு மாடி வீட்டுச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் இடது காலும் போயின. கம்பு ஊன்றி நடக்கிற நிலைக்கு வந்த அதே மழைக்காலத்தில், காலனியின் சிலாப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகக் காலனிக்காரர்கள் இரண்டு கமுகு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டினார்கள். நல்ல கால் உள்ளவனே சாமியைக் கும்பிட்டுத்தான் அதில் ஏறினான். பேச்சிமுத்து அன்றிலிருந்து வீட்டோடு.

தூங்க மட்டும் வீட்டுக்கு வந்த மனுஷன் அவர். வேலை முடிந்தால் ஜங்ஷன் டீக்கடை, அங்கே அரசியல், சண்டை, சமாதானம் என்று இருட்டும்வரை ஓட்டுவார். அந்த வாயெல்லாம் இப்போது வீட்டுக்குள் திரும்பிவிட்டது. ரசத்தில் புளி கூடுதல் என்பார். சீரியலில் வருகிற மருமகள் பக்கம்தான் நியாயம் என்று ஒற்றைக்காலில் நிற்பார், அவருக்கு நிற்பதற்கு இருந்ததும் அது ஒன்றுதான். இசக்கிசெல்வி கிறுக்குப் பிடிக்காத குறையாக இருந்தாள். எதற்கு இத்தனை மும்முரமாகப் பாலம் கேட்கிறாய் என்று வார்டு மெம்பர் ஷிஜா ஒருநாள் விசாரித்தபோது, இந்த ஆளை அக்கரைக்குத் தள்ளிவிடத்தான் என்று வெளிப்படையாகவே சொன்னாள். ஷிஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் ஷிஜாவிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. ஒரு சாயங்காலம் குப்பைச் சாக்கோடு திரும்பி வந்தபோது, பேச்சிமுத்து குளித்து, தலை சீவி, சலவைச் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு தோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கரையில் டீக்கடையில் யாரோ சத்தமாகப் பேசினார்கள். இவர் இங்கிருந்தே தலையாட்டிக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்து கொசுக்கடி வாங்க வேண்டாம், வாரும் என்று ஒரு அதட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்கு ரசத்தில் புளி கூடுதல் என்று அவர் சொன்னபோது அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வார்டுக்கு என்ன வேலை முதலில் வேண்டும் என்று கிராமசபையில்தான் முடிவாகும் என்று ஷிஜா சொல்லிவைத்திருந்தாள். காலனிக்குப் பாலம், இல்லையென்றால் ரோட்டோரம் வெயிட்டிங் ஷெட். இரண்டில் எதற்குக் கை அதிகமோ அது. இசக்கிசெல்வி ஒரு வாரம் குரூப்பைத் தூங்க விடவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகிறவன் வீட்டுக் குப்பையை இந்த ஜென்மத்தில் எடுக்க மாட்டேன் என்றாள். பேச்சிமுத்து தவிர காலனியே திரண்டு வந்து பள்ளிக்கூட ஹாலை நிறைத்தது. பாலத்துக்குக் கை தூக்கச் சொன்னதும் ஒரு காடே எழுந்ததுபோல இருந்தது. இசக்கிசெல்விக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பஞ்சாயத்துக் கிளார்க் எழுந்து, இந்த வார்டு வோட்டர் லிஸ்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும் கை தூக்கினால் போதும் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம். காலனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூக்கின வேகத்திலேயே கைகள் இறங்கின. மிச்சம் நின்றது இசக்கிசெல்வி கையும், இங்கேயே பிறந்து வளர்ந்த இரண்டு மூன்று பையன்கள் கையும்தான். வெயிட்டிங் ஷெட் ஜெயித்தது. அந்த இடத்தில் பஸ் நிற்பதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

காலனியில் குடியிருப்பு இங்கே, வோட்டு ஊரில். அது ஒரு வழக்கம். தமிழ்நாட்டில் எலெக்ஷன் வந்தால் கட்சிக்காரன் வேன் அனுப்புவான். போகும்போது ஒரு கட்சி வேனில் போய், வரும்போது மற்றக் கட்சி வேனில் வருவார்கள், இரண்டு பேரையும் மனம் நோக விடக்கூடாது என்று. நடுவில் பிரியாணி, சொந்தக்காரர் வீடு, பழைய சண்டை, புதுச் சண்டை. பிழைக்கத்தான் இங்கே வந்திருக்கிறோம், ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வோட்டாவது அங்கே கிடக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். பலர் இங்கே பேரன் பேத்தியே எடுத்துவிட்டார்கள். இசக்கிசெல்வி மட்டும் சேனையில் சேரும்போது வேறு வழியில்லாமல் மாற்றிக்கொண்டாள்.

கிராமசபை முடிந்து வீடு சேரும் முன்பே குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டாள். அதில் பஞ்சாயத்துச் சொன்னது ஒரு வரிகூட இல்லை, எல்லாம் அவளுடையதே. இங்கத்த தண்ணியைக் குடித்து, இங்கத்த ரோட்டில் நடந்து, இங்கத்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, வோட்டை மட்டும் பணகுடியில் புதைத்து வைத்திருக்கிற புத்திசாலிகளே என்று தொடங்கியது. எல்லோரும் வோட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிந்தது. பக்கத்து வீட்டு மாடம்மாள் அதை முழுக்கக் கேட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏட்டி செல்வி, ஒம் மாப்பிள வோட்டு எங்க கெடக்கு?"

காலனியே அதைத்தான் பிடித்துக்கொண்டது. பேச்சிமுத்து அண்ணாச்சி மாற்றட்டும், மறுநாள் நாங்கள் மாற்றுகிறோம் என்றார்கள். அவர் மாற்றமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரில் அவர் தம்பி மகாராஜா இருக்கிறான், சாஸ்தா கோவில் வரியில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. கால் நன்றாக இருந்தவரை எந்த எலெக்ஷனுக்கும் முதல் வேனில் ஏறியவர் அவர்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பேச்சைத் தொடங்கினாள். வோட்டை மாற்றினால் ஊர் லிஸ்டில் பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு அங்கே நான் யார் என்று பேச்சிமுத்து கேட்டார். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"போன எலெக்ஷனுக்கு வேன் ரோட்டுல வந்து ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டு. பாலம் இல்லாததால வோட்டுப் போட நீரு போகல. வோட்டு இங்க இல்லாததால பாலம் வரல. அங்க அது சும்மா கெடக்கு, இங்க நீரு சும்மா கெடக்கீரு."

அவர் பாதித் தட்டில் கை கழுவினார். அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் பேச்சில்லை. சீரியல் மருமகளுக்குக்கூட ஆதரவு நின்றுபோனது. இசக்கிசெல்விக்குத்தான் அந்த அமைதி பிடிக்கவில்லை.

பெயர் சேர்க்க அக்ஷயா சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு, பஞ்சாயத்து ஆபீசில் நேரில் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் சேர்த்து அவள் பதிவு செய்திருந்தாள், அவரைக் கேட்காமலே. நேரில் போகும் நாள் நெருங்கியதும், எதற்கும் ஒரு அறிவிப்புப் போட்டுவைப்போம் என்று அடுக்களையில் நின்று போனில் பேசினாள். நாளைக்கு ஆபீசுக்குப் போகிற நாள், வருகிறவர்கள் வாருங்கள், வராதவர்கள் அடுத்த மழைக்கும் தோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள் என்றாள். காலனி அடுத்தடுத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் போனைத் திறக்கத் திறக்க அவள் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. திண்டாடிப்போன பேச்சிமுத்து முன்னறையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெள்ளைச் சட்டை எங்கே இருக்கிறது?

காலையில் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள், தூக்கிக்கொண்டு போக. உயிரோடிருக்கும்போதே என்னைத் தூக்க நாலு பேர் வேண்டாம் என்று அவர் விரட்டிவிட்டார். பிறகு கமுகுத் தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் தடியையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். இசக்கிசெல்வி பச்சைக் கோட்டோடு அவருக்கு முன்னால், பின்னோக்கியே நடந்தாள், அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். தண்ணீர் கீழே இரைந்தது. கரையில் நின்ற மாடம்மாள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்து, மெம்பர் ஷிஜாவையும் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஆபீசில் நாற்காலி காட்டினார்கள். வேட்டி பின்பக்கம் முழுக்கப் பாசியும் ஈரமுமாக இருந்ததால் அவர் உட்காரவில்லை. அதிகாரி இளவயது. எத்தனை வருஷமாக இங்கே, வீடு சொந்தமா என்றெல்லாம் மலையாளத்தில் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், இனி ஊருக்குத் திரும்பிப் போகிற உத்தேசம் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்.

பேச்சிமுத்து கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இல்ல சாரே. இனி இங்கதான்."

மனுஷன் என்ன அழகாகப் புளுகுகிறார் என்று இசக்கிசெல்விக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்ததும் அதைச் சொல்லியும் காட்டினாள். காலனி முழுக்க அந்தப் புளுகு பரவிற்று. டீக்கடைக்குள் போய் உட்கார்ந்த அவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவே இல்லை.

அவரே மாற்றியதும் மற்றவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. முனகிக்கொண்டே எல்லோரும் வோட்டை மாற்றினார்கள். அடுத்த கிராமசபையில் தூக்கிய கை எதுவும் இறங்கவில்லை. பாலம் பாஸானது. பாஸான பாலம் கரைக்கு வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய், கான்ட்ராக்டர் ஒருமுறை காணாமல் போய், கம்பி வந்து சிமென்ட் வராமல், சிமென்ட் வந்து ஆள் வராமல், ஒருவழியாக நின்றது. திறப்பு விழாவில் கல்வெட்டில் இத்தனை பெயரா என்று எல்லோரும் அசந்துபோனார்கள். லட்டு கொடுத்தார்கள். பேச்சு நீண்டது.

கூட்டம் கலைந்த பிறகு பேச்சிமுத்து கம்பு ஊன்றிப் பாலத்தில் ஏறினார். நடுவில் போனதும் நின்றுவிட்டார். கால் பிடித்துக்கொண்டதோ என்று இசக்கிசெல்வி ஓடினாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல நான் சொன்னது புளுகுன்னுதான் நீயும் நெனச்சியா?"

"பின்னே?"

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊருக்குத்தான் கொண்டுபோணும்னு தம்பி மகாராஜா வந்து நிப்பான். விடாத. இங்கயே வச்சுக்கோ."

இசக்கிசெல்வி அவர் சட்டையில் ஒட்டியிருந்த லட்டுத் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"செத்த பொறவு உள்ள காரியத்த செத்த பொறவு பேசலாம். இப்பப் போயி டீயக் குடியும்." அவர் இரண்டடி நடந்ததும் பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டாள். "கேட்டீரா. இருட்டுக்கு முன்னால வீட்டுக்கு வந்துரணும்."