ரெண்டே பாட்டுதான் பாக்கி

அந்தக் கத்தோலிக்க ஆலயப் பங்கில் நியூஸ் அக்கா என்றால் நடக்கத் தெரியாத குழந்தைக்குக்கூடத் தெரியும். ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் பொது மன்றாட்டு என்று ஐந்து சின்ன ஜெபங்கள் வாசிப்பார்கள். வாசிப்பவர் ஒவ்வொன்றையும் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார். உடனே ஆலயம் முழுக்க ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். பத்தொன்பது வருடமாக அதை எழுதுவதும் அவள்தான், வாசிப்பதும் அவள்தான்.

அதற்கு முன்னால் ஒரு அச்சடித்த புத்தகம் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கு எந்த ஜெபம் என்று எப்போதோ யாரோ தீர்மானித்து வைத்த புத்தகம். ஒரு வாரம் ஆற்றுப்பாலம் இடிந்து ஒரு பேருந்தே உள்ளே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தில் இருந்தது, நல்ல விளைச்சலுக்கான ஜெபம். பூசை முடிந்ததும் அவள் நேரே, பாதிரியார் உடுப்பு மாற்றும் சாக்ரிஸ்தி அறைக்குள் போய்விட்டாள்.

"பாலம் விழுந்து நாலு நாள் ஆச்சு ஃபாதர். இன்னும் பொணம் எடுத்துக்கிட்டிருக்காங்க. நாம கத்தரிக்காய்க்கு வேண்டிக்கிட்டிருக்கோம்."

அப்போதிருந்த பாதிரியார் உடுப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா அடுத்த வாரம் நீயே எழுதிக்கிட்டு வா."

அன்றைக்குப் பிடித்த பேனா. தினமும் இரண்டு பேப்பர் வாங்குவாள். கத்தரித்த செய்திகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஐந்து மன்றாட்டும் பாதிரியாரின் கைக்குப் போய்விடும். லஞ்சம் வாங்கிய அதிகாரிகள், சாராயக் கடையைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே திறந்தவர்கள், நடிகரின் படத்துக்குப் பாலூற்றப் போய்க் காலை உடைத்துக்கொண்ட இளைஞர்கள், பெண்ணின் நிறத்தை விற்பனைப் பொருளாக்கிய விளம்பரக் கம்பெனி. அவளுக்குத் தப்பியவர்கள் யாருமில்லை. பெயர் மட்டும் சொல்லமாட்டாள். மற்றபடி ஆளை அடையாளம் காண ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

"இந்த வாரம் யாருக்குக்கா அடி?" என்று வாசலிலேயே கேட்பார்கள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "ஆண்டவர் பேப்பர் வாங்குறதையே நிறுத்திட்டாராம். எப்படியும் ஞாயித்துக்கிழமை எம்பொண்டாட்டி வாசிச்சுக் காட்டிடுவான்னு."

அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். உலகத்தை வேத வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்கிற பெருமை. அந்த வெளிச்சம் எப்போதும் வாசலுக்கு வெளியேதான் விழுந்துகொண்டிருந்தது என்பது ஒரு திங்கட்கிழமை காலை வரைக்கும் அவளுக்கு உறைக்கவில்லை.

வேலை அவளுக்கு மின்சார அலுவலகத்தின் புகார் மையத்தில். ஆறு நாற்காலி, ஆறு கணினி, சொட்டுகிற ஏ.சி.க்குக் கீழே ஒரு வாளி. கரண்ட் போனவர்கள் எல்லோரும் இந்த ஆறு பேரைத்தான் திட்டுவார்கள். அந்தத் திங்கட்கிழமை பேப்பரின் ஐந்தாம் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செய்தி இருந்தது: வெயிலுக்கு மூன்று முதியோர் பலி. ஆலயத்துக்கு எதிரே, பங்கே நடத்துகிற முதியோர் இல்லத்தின் மாடியில். முந்தின நாள் பூசையிலேயே பாதிரியார் அறிவித்திருந்தார், "இந்தக் கொடும் வெயிலின் காரணமாக" என்று. அவள் கத்தரித்து வைத்துக்கொண்டாள். மன்றாட்டுகூட மனசில் ஓடிவிட்டது. மரங்களை வெட்டியவர்களுக்காக, பூமியைச் சூடாக்கிய பெரிய நாடுகளுக்காக.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. அன்றைய புகார்ப் பதிவில் ஆலயத் தெருவைப் பார்த்தாள். ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்பு. முதல் அழைப்பு 2.50. ஏழாவது 5.05. எதிரே குறிப்பு: "முன்னரே அறிவித்த மின்தடை. 6.00க்கு வரும் எனத் தெரிவிக்கப்பட்டது." ஆறு தடவை அதே வரி. ஏழாவதில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "அழைத்தவர் அழுகிறார். முதியோர் இல்லத்து ஜெனரேட்டரை சர்ச்சுக்கு எடுத்துப்போய்விட்டார்களாம். 6.00க்கு வரும் எனத் தெரிவிக்கப்பட்டது."

பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்தாள். "நான்தான்க்கா எடுத்தேன். என்ன பண்ணச் சொல்றீங்க? புகார் நம்ம மேல இல்லையே. உங்க சர்ச் மேலதானே."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆலய மண்டபத்தில் நற்செய்தி இசை நிகழ்ச்சி. மூன்று வாரத்துக்கு முன்பு கமிட்டி கூடியபோது அவளைத்தான் கேட்டார்கள். "அன்னிக்கு ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் கரண்ட் இருக்காது" என்று அவள்தான் சொன்னாள். கமிட்டிச் செயலாளர், ஊரில் பெரிய பர்னிச்சர் கடைக்காரர், "ஜெனரேட்டருக்கு நான் ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. உலகத்தில் நடக்கிற அத்தனைக்கும் ஏன், எதற்கு என்று கேட்கிறவள், அதைக் கேட்கவில்லை.

மத்தியானமே விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு இல்லத்துக்குப் போனாள். மாடியில் வரிசையாகக் கட்டில்கள். மூன்றில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. ஒன்று, படுத்துக்கொண்டே கையை நீட்டிச் சக்கர நாற்காலிகளுக்கு வழிவிடுகிற பழைய டிராஃபிக் போலீஸ்காரருடையது. இன்னொன்று ஊர்ப் பாதிப் பேருக்குப் பூசை உடுப்பு தைத்துக்கொடுத்த தையல்காரம்மாவுடையது. மூன்றாவது, ஜன்னலோரத்தில் இரண்டு வருடமாகப் பேசாமல் படுத்திருந்தவருடையது. தலைக்கு மேலே கான்கிரீட். கையை உயர்த்தினாலே அனல் தெரிந்தது.

இல்லத்து ஆயா துணியை நனைத்து ஒவ்வொருவராகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் இவள்.

"சொல்லலேன்னு யார் சொன்னா? ஓடி வந்தேன். மண்டபத்துக் கேட்ல செயலாளர் நின்னாரு. 'ரெண்டே பாட்டுதான் பாக்கி, முடிஞ்சதும் குடுத்தனுப்பறேன்'னாரு. ரெண்டு பாட்டு முடியற வரைக்கும் நின்னேன். மூணாவது ஆரம்பிச்சாங்க. மேல இருபத்திரண்டு பேரை விட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"உள்ள வந்து என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

ஆயா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பார்த்தேனே. முன்வரிசையில கை தட்டிக்கிட்டிருந்தீங்க."

படி இறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காலிலிருந்து ஏறி, காது மடல் சுட்டது. யார்மேல் என்று பிரிக்க முடியாத கோபம். பிரித்தால் ஒரு பங்கு தனக்கும் வரும் என்று தெரிந்த கோபம்.

வியாழக்கிழமை அவள் அனுப்பிய மூன்றாவது மன்றாட்டு இது: "எங்கள் இல்லத்தில் இறந்த மூவருக்காக. அவர்களுடைய காற்றை நாங்கள் எடுத்துவந்து உம்முடைய புகழ்ப்பாடல்களுக்குப் பயன்படுத்தினோம். கேட்டு வந்தவளைக் காத்திருக்கச் சொன்னோம். நாங்கள் இதைச் செய்தோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் தாரும்."

ஆறரைக்குப் பாதிரியாரிடமிருந்து போன் வந்தது. போனால், செயலாளரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பொது மன்றாட்டு பொதுவா இருக்கணும்மா" என்றார் பாதிரியார். நல்ல மனிதர். மூன்று அடக்கத்தையும் அவரேதான் நடத்தினார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சாராயக்கடைக்காரனுக்கு எழுதினப்ப பொதுவா இருந்துச்சா ஃபாதர்? கடை இருக்கிற தெருவைக்கூடச் சொன்னேன். பிரமாதம்னு கை குடுத்தீங்க."

"அது வேற."

"ஆமா, வேற. அவன் நம்ம பங்கு இல்ல."

செயலாளர் ஒரு தாளை நகர்த்தினார். "நானே கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கேன். பாருங்க."

பார்த்தாள். "கடும் வெயிலால் உயிர்நீத்தோருக்காகவும், தடையற்ற மின்சாரம் வழங்க ஆட்சியாளர்கள் ஞானம் பெறவும்."

"மூணு வாரம் முன்னாடியே அறிவிச்ச மின்தடைங்க அது. இந்தக் கமிட்டில வந்து சொன்னதே நான்தான். தெரிஞ்சே பொய்யை ஆண்டவர்ட்ட வாசிக்கச் சொல்றீங்களா?"

"ஏன்மா இப்படிக் கத்தறீங்க? கெட்ட எண்ணத்துல யாரும் செய்யல. வெளில தெரிஞ்சா நாளைக்கு இல்லத்துக்கே ஆபத்து. மத்தவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்களைப் பார்த்துப் பத்தொன்பது வருஷம் நாம சிரிச்சாச்சு. ஊர்ல எவன் தப்பு பண்ணினாலும் நமக்கு வெளிச்சம் பளிச்சுன்னு எரியுது. நம்ம வாசலுக்கு வந்ததும் கரண்ட் போயிடுது. கடைசி நாள்ல ஆண்டவர் நம்மளை நிறுத்தி, பேப்பர் படிச்சியான்னா கேக்கப் போறாரு? தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுத்தியான்னுதானே கேப்பாரு?"

செயலாளர் தன் தாளை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார். அவளே கேட்டாள்: "சரி, அந்த ஜெனரேட்டர் இப்ப எங்க?"

"மண்டபத்துலதான்" என்றார் செயலாளர். "வரும்போதே சக்கரம் உடைஞ்சு போச்சு. வெல்டிங் ஆள் வரணும்."

"இன்னும் குடுக்கலியா!" அவள் எழுந்தேவிட்டாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் கரண்ட் நிக்குது. மேல இன்னும் பத்தொன்பது பேர் இருக்காங்க."

"சனிக்கிழமைக்குள்ள போயிடும்" என்றார் பாதிரியார். செயலாளர் தலையாட்டினார்.

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு அவள் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழே, மேடைக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் அப்படியே இருந்தது. பூசை தொடங்கும் மணி அடித்தது.

"என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"இன்னிக்கு ஆண்டவருக்கு இல்ல, நமக்கு வாசிக்கப் போறேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

பிரசங்கம் முடிந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. கையில் அவளுடைய தாள், செயலாளருடையது அல்ல. திருச்சபைக்காக ஒன்று. நோயாளிகளுக்காக ஒன்று. மூன்றாவதை அவள் எழுதியது எழுதியபடி, ஒரு சொல் விடாமல், சத்தமாக வாசித்தாள். பழக்க தோஷத்தில் முடிவையும் சேர்த்துவிட்டாள். "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது ஆலயம். அதே ராகம், அதே வேகம். ஒருவர் கைக்குட்டையை மடித்தார். ஒரு அம்மா பிள்ளையின் காலரைச் சரிசெய்தாள். இருநூறு பேர் தங்கள் குற்றத்தைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் காதிலும் அது விழவில்லை. பாதிரியார் மட்டும் கண்ணைத் திறந்தார்.

இத்தனை வருடமும் இப்படித்தான் கேட்டார்களா? அவள் கத்தரித்து, அடித்துத் திருத்தி, சொல் சொல்லாகக் கோத்தது எல்லாம் இந்த ராகத்துக்குள் இப்படித்தான் விழுந்து போனதா? தாளை மடித்தாள்.

"மறுபடியும் சொல்றேன்" என்றாள். இப்போது எழுத்து நடை இல்லை. "போன சனிக்கிழமை நாம பாட்டுப் பாடறதுக்காக எதிர்ல இருக்கிற இல்லத்து ஜெனரேட்டரைத் தூக்கிட்டு வந்தோம். மூணு பேர் செத்துட்டாங்க. நான் கை தட்டிக்கிட்டிருந்தேன். அந்த ஜெனரேட்டர் இன்னும் நம்ம மண்டபத்துலதான் இருக்கு. இன்னும் இருபது நிமிஷத்துல கரண்ட் போகும்."

அத்தோடு நிறுத்திவிட்டாள். முடிவு வரியைச் சொல்லவில்லை. வாய் திறந்து காத்திருந்த இருநூறு பேருக்கும் எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் "எங்கள் மன்..." என்று ஆரம்பித்துத் தனியாக மாட்டிக்கொண்டு நின்றது. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. செயலாளர் முன் வரிசையில் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற லாரி டிரைவர்தான் முதலில் எழுந்தார். "தூக்கிட்டு வந்ததுல நானும் ஒருத்தன்" என்று யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போனார். அவள் பின்னாலேயே இறங்கினாள். கணவரும் செருப்பைத் தேடாமல் ஓடிவந்தார்.

மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு நாலு பக்கமும் பிடி இருந்தது. நாலாவது பிடிக்கு ஆள் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஆலயத்துக்குள் பாதிரியாரின் குரல் அடுத்த ஜெபத்தைத் தொடங்கியது. மூன்று பேராகத் தூக்கியும் இழுத்தும், தெருவைக் கடந்து, இல்லத்துப் பின்கட்டில் வைத்தபோது அவளுடைய உள்ளங்கை கிழிந்திருந்தது.

ஆயா நன்றி சொல்லவில்லை. "டீசல் இருக்கா?" என்றாள்.

டிரைவர் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். "சொட்டுக்கூட இல்ல. பாட்டு மொத்தமும் குடிச்சுடுச்சு."

"பங்க் எங்க, பைபாஸ்லயா? போய் வர முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார் கணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாடியில் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்று குறைந்து நின்றன.

அவள் மூலையிலிருந்த வெள்ளை கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் தெருவைக் கடந்தாள். ஆலயத்திலும் கரண்ட் இல்லை. பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டு நற்கருணை அப்பத்துக்கு, அவர்கள் வழக்கில் நன்மை வாங்க, வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மூன்றாவது ஆளாகச் செயலாளர், கைகூப்பி, கண்மூடி. வெளியே மரத்தடியில் அவர் கடை வண்டி நின்றது.

கேனோடு நடுப்பாதையில் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"உங்க வண்டி டீசல்தானே? சாவியைக் குடுங்க."

அவர் கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசையச் சொன்னார்: "நன்மை வாங்கிட்டு வந்துடறேம்மா."

"வாங்குங்க" என்றாள் அவள், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "சாவியைக் குடுத்துட்டு வாங்குங்க."

வரிசை நின்றுவிட்டது. பீடத்தின் முன்னால் பாதிரியார் அப்பத்தை உயர்த்திய கையோடு அப்படியே நின்றார். செயலாளர் கூப்பிய கையைப் பிரித்துப் பைக்குள் விட்டார். மெதுவாகத்தான் விட்டார். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.