பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்கக் கூடாத கடை

நாப்பி விற்கிறவர்களுக்கு ஒவ்வொரு வியாபாரத்திலும் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்: ஒருத்தர் காசு கொடுப்பார், இன்னொருத்தர் தீர்ப்பு கொடுப்பார், தீர்ப்பு எப்போதும் ஈரமாகத்தான் வரும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் சகபாவிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி திறக்கும்வரை, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தணிகாசலம் மாமா கடையில் நின்றேன். முன்பக்கம் கம்பெனி டயப்பர், பால்புட்டி, கிலுகிலுப்பை. பின்மூலையில் என் அம்மாவும் அவர் தையல் மிஷினும். அம்மா துணி நாப்பி தைப்பார், நான் கல்லாவில் நின்று இரண்டையும் விற்பேன். சும்மா இருக்கும் நேரத்தில் வந்துபோனவர்கள் குரலையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுவேன். அம்மா சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாடுவார்.

சிரிப்புக்கு நடுவே ஒரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. "அளவு சரியில்ல" என்று பிரித்த பாக்கெட்டுகள் தினமும் திரும்பி வந்தன. பிரித்ததைக் கம்பெனிக்காரன் வாங்க மாட்டான். மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: ஆடி முடிவதற்குள் இது நிற்கவில்லை என்றால் அம்மாவின் மூலையைச் செல்போன் கவர் விற்கிறவனுக்கு வாடகைக்கு விட்டு நஷ்டத்தைச் சரிக்கட்டுவார். அம்மாவுக்கு அந்த மூலையை விட்டால் வேறு மூலை கிடையாது. வீட்டில் மிஷினைப் போட்டால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும்.

ஆறு கிலோ பூசணிக்காய்

டயப்பர் அளவு வயசை வைத்து அல்ல, எடையை வைத்து. ஆகவே "பாப்பா எத்தனை கிலோ?" என்று கேட்டே ஆக வேண்டும். நைனார்பாளையத்திலிருந்து வந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். இடுப்பில் இருந்த பையன் பரங்கிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் பிறந்தவன் மாதிரி இருந்தான். அவன் தொடையில் மட்டும் மூன்று மடிப்பு. அந்த அக்கா கண் இமைக்காமல் "ஆறு கிலோ" என்றார். கொடுத்தது ஸ்மால். பஸ் ஏறுவதற்குள் ஒட்டு பிய்ந்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாராம்.

மறுநாள் பாக்கெட்டோடு வந்தார். "ஏங்க்கா, எடையைச் சரியா சொல்லியிருந்தா லார்ஜ் குடுத்திருப்பேனே" என்றேன். அவர் பையனை முந்தானையால் மூடிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஜார்ல நின்னுக்கினு எம் புள்ள எடைய உரக்க கேக்குறியே, கண்ணு பட்டு இளைச்சுப் போச்சுன்னா உங்க கம்பெனிகாரனா வந்து திருஷ்டி சுத்துவான்?"

தராசு

இப்படி ஊரே நாலு கிலோ, அஞ்சு கிலோ குறைத்துச் சொன்னது. போதாததற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே விலைக்கு ஸ்மால் பாக்கெட்டில் பீஸ் ஜாஸ்தி, லார்ஜில் கம்மி. சிக்கனம் பார்க்கிறவர்கள் பெரிய பிள்ளையைச் சின்னதில் திணித்தார்கள். சின்னது தாங்காமல் நாளைக்கு எட்டு மாற்றினார்கள். மிச்சம் பிடித்தது போக மேலே நாலு பீஸ் செலவு.

மாமா சேலத்திலிருந்து குழந்தை எடை போடும் தராசு ஒன்று வாங்கி வந்து கல்லாமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது இன்னான்னா, இனிமே பொய்யே சொல்ல முடியாது பாரு" என்றார். அன்றைக்கு முழுக்க ஒரு பிள்ளைகூட அதில் ஏறவில்லை. சாயங்காலம் வந்த ஒரு அம்மா தராசையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "தட்டுல போட்டு நிறுக்க எம் பொண்ணு இன்னா புளியாங்க?" என்று கேட்டார்.

எலிக்குஞ்சு வைத்தியம்

அப்புறம்தான் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. எடையைக் கேட்டால்தானே மறைப்பார்கள்? கேட்காமல் திட்டினால்?

அடுத்து வந்தவர் ஒரு அத்தை, கையில் பேத்தி. நல்ல கொழுகொழு உருப்படி. நான் முகத்தைச் சுளித்து, ஆஸ்பத்திரி நர்ஸ் குரலை வரவழைத்துக்கொண்டேன். "இன்னாங்க அத்தை, எலிக்குஞ்சு மாதிரி கீது? ஒண்ணுமே குடுக்கறதில்லியா? அஞ்சு கிலோகூட தேறாதே!" அத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேத்தியை என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பதிலுக்காக என் கை லார்ஜ் அடுக்குப் பக்கம் தயாராக நிற்பதைக்கூடக் கவனிக்காமல் கத்தினார்: "யாரப் பாத்துடி எலிக்குஞ்சுன்ற? போன வியாழக்கெழமை ஊசி போடச் சொல்ல ஒம்பதே முக்கா கிலோ!"

ஒத்தை பீஸ்

கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும் சனம் பாக்கெட் வாங்காது. பாக்கெட்டைப் பிரித்து ஒத்தை பீஸாகக் கேட்கும். அதற்கென்றே கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பா வைத்திருந்தோம். ஒரு அண்ணன் மனைவியோடு வந்து ஒன்றே ஒன்று வாங்கினார். "ஒண்ணு போதுமாண்ணா?" என்று கேட்டேன். வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று, வரும்போது போட்டதைப் போன தடவையே வாங்கி வைத்துவிட்டாராம். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது மடியில் பிள்ளையைத் துணியோடு வைத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு சண்டை வரும். வீட்டுக்குப் போனால் துணிதான்.

ஆனால் மலையில் மழைக்காலத்தில் துணி காயாது. எங்கள் ஊர் வெயிலில் ஆறு துணி இருந்தாலே சமாளிக்கலாம், முதல் துணி காய்ந்துதான் ஆறாவது துணி நனையும். அங்கே ஐப்பசியில் ஒரு டஜன் இருந்தாலும் பத்தாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்களாம். அம்மா அதைக் கேட்டு இரட்டை மடிப்பை ஒற்றையாக்கினார். உள்ளே தனியாக ஒரு பட்டைத் துணி வைத்துக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தார். பிரித்துப் போட்டால் சீக்கிரம் காயும். அந்த அண்ணனின் மனைவி துணியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது புதுத் துணி வாசன. எம் பையன் மேல எப்பவும் அடுப்புப் பொகை வாசன அடிக்கும், இருட்டுல எங்க தவழ்ந்தாலும் கண்டுபுடிச்சிருவேன்."

சேப்பங்கிழங்கு இலை

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. முதல் குழந்தை. அம்மா தைத்த துணி நாப்பி ஒரு டஜன் வாங்கிப்போய் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "மேடம், இது அப்சார்பே ஆகல" என்றார். வாய் இங்கே இருந்தாலும் குரல் ஏசி ரூமுக்குள் இருந்தது. (அதை நான் எப்படிப் பேசிக் காட்டுவேன் என்று எழுத்தில் காட்ட முடியவில்லையே என்றுதான் வருத்தம்.) மாமா அந்தப் பக்கம் நின்று என் அம்மாவை முறைத்தார். துணியும் திரும்பி வர ஆரம்பித்தால் மூலை போனதுதான்.

அம்மா துணியை வாங்கி அதன்மேல் டம்ளர் தண்ணீரை ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. மோந்து பார்த்தார். பிள்ளைக்கு வாசனையாக இருக்கட்டும் என்று துணியை மிருதுவாக்கும் மணத்தண்ணீரில் அந்த மனுஷன் தினம் அலசியிருக்கிறார், அது மெழுகு மாதிரி படிந்துவிட்டது. வெந்நீரில் நாலு தடவை வெறுமனே அலசச் சொன்னார் அம்மா. இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு வந்தவர் ஏசி குரலை மறந்துவிட்டு நம்ம ஊர்க்காரராகவே பேசினார்: "அக்கா, இப்ப நல்லா குடிக்குது. வாசனத் தண்ணிக்கு நான் அழுத காசுல இன்னொரு டஜனே வாங்கியிருக்கலாம்."

வேட்டி போன இடம்

கருணாபுரத்து அக்கா ஒருவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், இரண்டு பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று துவைத்துத் துவைத்தே, இன்னொன்று பெட்டியில் கிடந்தே பூவாகிப்போன துணி, பிள்ளைக்கு அதைவிட நல்லது எந்தக் கடையிலும் இல்லை. அம்மா தையல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு, கயிறு வைத்த முக்கோண நாப்பி பதினெட்டு தைத்தார். மறுநாள் அவர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஒரு வேட்டி கல்யாண வேட்டியாம், இவரைக் கேட்காமல் எடுத்துவிட்டாராம்.

நான் பயந்துபோய், கட்டி வைத்திருந்த நாப்பிகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்து விரித்தார். ஜரிகைக் கரையை அம்மா வீணாக்காமல் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு, "நான் கட்டுனது ஒருநாளு. எம் பொண்ணு தெனம் கட்டிக்கட்டும் வுடு" என்றார்.

செருமல்

ஆடி பாதி போயிருந்தது. திரும்பி வருவது குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. அம்மாவின் கவலை முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாமா குரலை எடுத்தேன். தொண்டையைச் செருமி, வயிற்றைத் தள்ளி, "அதாவது இன்னான்னா தங்கச்சி, பொய் சொல்ற ஜனத்த வெச்சுக்கினு நான் எப்படி யாவாரம் பண்றது? பெத்தவங்களுக்குப் புள்ள எடைய சொல்லக்கூடவா வாய் வராது?" என்று முழக்கினேன். அம்மா சிரிக்கவில்லை. என் பின்னால் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எனக்குப் பின்னால் அசல் செருமல் கேட்டது. மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் மோசம். அம்மாவைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "தங்கச்சி, உன் பொண்ணு சொன்னது நான் சொன்னதாவே இருக்கட்டும். இனிமே ஒரே ஒரு பாக்கெட்டு திரும்பி வந்தா மிஷினத் தூக்கிக்கோ."

அதற்கப்புறம் நான் யார் குரலையும் எடுக்கவில்லை. பத்து நாள். எனக்கே என் தொண்டை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வருகிற பிள்ளைகளையெல்லாம் எலிக்குஞ்சு, கொசு, வத்தல் என்று திட்டித் திட்டி அளவு பார்த்துக் கொடுத்தேன். அம்மா மிஷினுக்கு எண்ணெய் விடுவதைக்கூட நிறுத்திவிட்டார். எதற்கு வீணாக என்று நினைத்தாரோ என்னவோ.

ஏழு கிலோ

மாமாவின் மகள் சென்னையிலிருந்து ஆடிக்கு வந்திருந்தார், கூடவே மாமாவின் முதல் பேரன். குலதெய்வம் கோயிலுக்குக் காரில் கிளம்புவதற்கு முந்தின நாள் மாமாவே கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று ஒரு பாக்கெட் கேட்டார். முதலாளியின் பேரனை எலிக்குஞ்சு என்று திட்ட முடியுமா? மரியாதையாகவே கேட்டேன்: "பையன் எத்தனை கிலோங்க மாமா?"

மாமா பஜாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தராசைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஏழு" என்றார். முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்று மீடியம் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையனை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். பதினொன்றுக்கு ஒரு பிடி கம்மி இருக்கலாம்.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் கடை திறந்தவுடனே வந்தார். மஞ்சள் பையிலிருந்து பிரித்த பாக்கெட்டின் ஓரம் தெரிந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் ஒட்டு பிய்ந்து, பொங்கல் வைக்க மாமா கட்டிக்கொண்டு போன பட்டுவேட்டியிலேயே பையன் பொங்கல் வைத்துவிட்டானாம். இதைச் சொன்னவர் மாமா இல்லை, கார் ஓட்டிப்போன டிரைவர். மாமா பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். திரும்பி வந்த சரக்கு அடுக்கில் வைத்தால் அதுதான் அந்த ஒரே ஒரு பாக்கெட். அம்மா மிஷின் பக்கத்தில் எழுந்து நின்றார்.

கடைசியில் பாக்கெட்டை அக்குளிலேயே இடுக்கிக்கொண்டு அம்மாவின் மூலைக்கு நடந்தார். "தங்கச்சி, கயிறு வெச்சது ஒரு டஜன் குடு" என்றார். அம்மா எடையைக் கேட்கவே இல்லை. கயிற்றை இழுத்துக் காட்டி, "இது எந்தப் பிள்ளைக்கும் எட்டும்ணே, வளர வளர தளத்திக்கினே போவலாம். பிரயாணத்துக்கு மட்டும் கம்பெனிது போடுங்க" என்றார். மாமா எண்ணி வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். தொண்டையைச் செருமினார். நானும் என் தொண்டையை அடக்கிக்கொண்டேன். "செல்போன் கவர்காரன் வந்தா எடம் இல்லன்னு அனுப்பிடு தங்கச்சி. அப்புறம் பாப்பா, அவன் பத்தே முக்கா கிலோ, வெளிய சொல்லாத."

ஆகவே சகபாவிகளே, நாப்பியில் நிஜமாகவே காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உங்கள் பிள்ளையின் அசல் எடையை ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுங்கள், நான் எடையை யாரிடமும் சொல்ல மாட்டேன், நீங்கள் அதை எந்தக் குரலில் சொன்னீர்கள் என்பதைத்தான் ஊருக்கே பேசிக் காட்டுவேன்.